எந்தத் தமிழர் நீங்கள்?

இலங்கை மலையகத்தில் இருநூறு ஆண்டுகளாக வாழும் மக்களுக்கு மற்றவர்கள் வைத்த பெயர்கள் பல. அவர்கள் தமக்கே வைத்துக்கொண்ட பெயர் ஒன்றுதான். அந்தப் பெயர் அரசின் கணக்கெடுப்புப் படிவத்தில் ஏறிய வேளையில், எண்ணிக்கை ஏன் சரிந்தது?

இலங்கையில் 2024-ல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடந்தது. இனம் எது என்று கேட்கும் இடத்தில், அதுவரை இருந்த ‘இந்தியத் தமிழர்’ என்பதோடு ‘மலையகத் தமிழர்’ என்ற பெயரும் சேர்ந்திருந்தது. தேயிலைத் தோட்டங்களில் பிறந்து வளர்ந்தவர்கள் பல ஆண்டுகளாகக் கேட்டுவந்த பெயர் அது. எழுதியும் கூட்டம் போட்டும் நடைபயணம் போயும் வாங்கிய பெயர்.

முடிவுகள் வந்தபோது எண்கள் வேறு கதை சொல்லின. 2012 கணக்கெடுப்பில் இந்தப் பிரிவில் சுமார் 8.4 லட்சம் பேர் இருந்தார்கள். நாட்டு மக்கள்தொகையில் அது 4.1 சதவீதம். 2024-ல் சுமார் 6 லட்சம் பேர்தான்; 2.8 சதவீதம். இடைப்பட்ட ஆண்டுகளில், முன்பு போல இவர்களைக் கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பும் ஒப்பந்தம் எதுவும் இல்லை. ஆனால் இதே காலத்தில் ‘இலங்கைத் தமிழர்’ என்று பதிந்தவர்களின் பங்கு 11 சதவீதத்திலிருந்து 12-ஐத் தாண்டியது. வெளிநாட்டு வேலைக்குப் போனது, குடும்பங்கள் சிறுத்துப்போனது என்று வேறு காரணங்களும் இருக்கலாம். என்றாலும் முந்தைய கணக்கெடுப்புகளின்போதே ஆய்வாளர்களும் மலையகத் தலைவர்களும் திரும்பத் திரும்பச் சொன்ன காரணம் ஒன்று உண்டு. கணிசமானவர்கள் தங்களை ‘இலங்கைத் தமிழர்’ என்று எழுதச் சொல்லிவிடுகிறார்கள்.

இதைத் தன் சனத்தைக் கைவிடுவதாகச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அப்படிச் சொல்ல மனம் வரவில்லை. நான் யார் என்பது எனக்குள்ளேயே இருக்கும் ஒன்று என்றுதான் நம்மில் பெரும்பாலோர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். மலையகத் தமிழரின் வரலாற்றைப் படிக்கப் படிக்க அந்த நம்பிக்கை ஆட்டம் காண்கிறது. கூட இருக்கும் மக்கள், எதிரில் இருக்கும் மக்கள், மேலே இருக்கும் அரசு என்று மூன்று கைகள் சேர்ந்து ஒரு மனிதனுக்கு ‘நான்’ என்ற ஒன்றைச் செய்து கொடுக்கின்றன. மூன்றும் எப்போதும் ஒரே திசையில் இழுப்பதில்லை.

கங்காணியின் ஆட்கள்

1820-களில் கண்டிச் சீமையில் காப்பித் தோட்டம் போட்ட வெள்ளைக்காரர்களுக்கு ஆள் தேவைப்பட்டது. திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, ராமநாதபுரம், சேலம், திருநெல்வேலிப் பக்கங்களில் பஞ்சமும் சாதிக் கொடுமையும் ஆட்களைத் தள்ளிவிடக் காத்திருந்தன. இடையில் நின்றவர் கங்காணி. பெரும்பாலும் அதே ஊர்க்காரர். பல நேரம் அதே உறவுக்காரர். முன்பணம் கொடுத்து, கூட்டம் சேர்த்து, கடல் தாண்டி மன்னார்க் கரையில் இறக்கி, காட்டு வழியே மாத்தளைக்கு நடத்திக் கூட்டிப் போனார். காலராவிலும் காய்ச்சலிலும் வழியிலேயே செத்தவர்கள் ஆயிரக்கணக்கில். இலைநோய் வந்து காப்பி அழிந்தது. 1867-ல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் போட்ட தேயிலை மலை முழுக்கப் பரவியது. காப்பிக்குப் பருவத்துக்கு வந்து திரும்பிப் போனவர்கள், தேயிலைக்கு ஆண்டு முழுக்கத் தங்க வேண்டியதாயிற்று.

கவனிக்க வேண்டியது, மன்னார்க் கரையில் இறங்கியவர்கள் ‘இந்தியத் தமிழர்’ என்ற குழுவாக இறங்கவில்லை என்பது. ஒருவன் துறையூர்க்காரன், இன்னொருத்தி முசிறிப் பக்கம். ஒருவர் பள்ளர், இன்னொருவர் பறையர், வேறொருவர் சக்கிலியர், சிலர் குடியானவர். ஊரும் சாதியும்தான் ஒவ்வொருவருக்கும் அடையாளம். இவர்களை ஒரே கூட்டமாக்கியது தோட்டத்தின் ஒழுங்கு. விடியுமுன் தப்படிக்கும் சத்தம். ஆள் எண்ணும் பெரட்டுக் களத்தில் வரிசை. கணக்கப்பிள்ளை ஏட்டில் விழும் பேர். கொழுந்து எடை குறைந்தால் அரைப்பேர், அதாவது அரைநாள் கூலி. பத்தடிக்குப் பன்னிரண்டடியாக, ஒரே கூரையின் கீழ் முதுகோடு முதுகு ஒட்டிய லயத்துக் காம்பராக்கள். பிள்ளைக்காம்பராவில் வளரும் குழந்தைகள். ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால் கடன் எவ்வளவு என்று எழுதிய ‘துண்டு’ வேண்டும். புதுத் துரை அந்தக் கடனைக் கட்டி ஆட்களை எடுத்துக்கொள்வார். 1921-ல் சட்டம் இந்தத் துண்டு முறையை ஒழிக்கும்வரை, ஒரு குடும்பம் என்றால் காகிதத்தில் ஒரு கடன் தொகை.

லயங்களிலும் சாதி ஒழிந்துவிடவில்லை. எந்த லயம் யாருக்கு என்பதிலேயே அது இருந்தது. பெரிய கங்காணி யார், சில்லறைக் கங்காணி யார் என்பதிலும் இருந்தது. ஆனால் ஊரில் இருந்த மாதிரியும் இல்லை. வயலும் பண்ணையாரும் இல்லாத இடத்தில், எல்லோரும் ஒரே கூடையைத் தலையில் மாட்டி ஒரே மலையேறும் இடத்தில், சாதி தன் பழைய பிடியைக் கொஞ்சம் இழந்தது. மாசி பிறந்தால் காமன் கூத்து. மன்மதனும் ரதியும் தோட்டத்துப் பிள்ளைகள். சாம்பலாகும் மன்மதனுக்காக அழுவது தோட்டம் முழுவதும். வெளியாள் ஒருவரிடம் “எந்த ஊர்?” என்று கேட்ட பழைய கேள்வி மெல்ல மெல்ல “எந்தத் தோட்டம்?” என்றானது. ஸ்காட்லாந்துக்காரர்கள் தங்கள் ஊர்ப் பெயர்களை வைத்த தோட்டங்களுக்கு மக்கள் தங்கள் வாயில் நுழையும் தமிழ்ப் பெயர்களை வைத்துக்கொண்டார்கள். ஒரு சமூகம் பிறந்ததற்கான முதல் அடையாளமாக நான் இதைத்தான் காண்கிறேன்.

பெண்களின் நிலை இதற்குள்ளும் வேறாக இருந்தது. தோட்டத்தின் வருமானம் அவர்களுடைய விரல் நுனியில் நின்றது. கூலி ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று. சம கூலி வந்தது 1984-ல்தான். சம்பள நாளில் மனைவியின் கூலியைக் கணவன் வாங்கிக்கொள்ளும் வழக்கம் அதற்குப் பிறகும் பல இடங்களில் ஓடியது. சமூகத்தின் பெயருக்காக எழுந்த குரல்களில் இந்தப் பெண்களின் குரல் நெடுங்காலம் பின்வரிசையில்தான் இருந்தது.

சங்கம் சேர்ந்தபோது

தஞ்சைச் சீமையிலிருந்து 1920 வாக்கில் கொழும்புக்குப் போன கோ. நடேசய்யர் ஒரு பத்திரிகைக்காரர். தோட்டத்துக்குள் வெளியார் நுழைய முடியாத காலம். துணி விற்பவராக வேடம் போட்டு லயங்களுக்குப் போனவர் என்று அவரைப் பற்றிச் சொல்வார்கள். 1931-ல் தோட்டத் தொழிலாளர்களுக்கென்றே சம்மேளனம் அமைத்தார். அவருடைய மனைவி மீனாட்சியம்மாள் கூட்டங்களில் பாட்டுப் பாடி ஆள் சேர்த்தார். பாட்டுகளைப் புத்தகமாகப் போட்டார். எழுத்து தெரியாத மக்களிடம் அரசியல் போய்ச் சேர்ந்த வழி அது.

1939-ல் நேரு கொழும்புக்கு வந்ததை ஒட்டி இலங்கை இந்தியக் காங்கிரஸ் பிறந்தது. அடுத்த ஆண்டு ஜனவரியில் முல்லோயா தோட்டத்தில் கூலி உயர்வு கேட்டு நடந்த வேலைநிறுத்தத்தில் போலீஸ் சுட்டதில் கோவிந்தன் என்ற தொழிலாளி இறந்தார். மலையகத்தின் முதல் தியாகி என்று இன்றும் அவர் பெயரைச் சொல்கிறார்கள். கங்காணியின் ஆள், துரையின் கூலி, இன்ன சாதிக்காரன் என்று மட்டும் இருந்த ஒருவன், சந்தா கட்டிச் சங்கத்து ஆளான பிறகு நிமிர்ந்து நின்று பேசினான். தனி ஆளுக்கு இல்லாத துணிச்சல் கூட்டத்தின் பெயரால் வந்தது.

1947 தேர்தலில் நுவரெலியாவில் தொண்டமான், தலவாக்கலையில் கவிஞர் சி.வி. வேலுப்பிள்ளை என்று காங்கிரஸ்காரர்கள் வென்று நாடாளுமன்றம் போனார்கள். கொழுந்து பறிக்கிறவர்கள் போட்ட வாக்கில் ஒரு கவிஞர் நாடாளுமன்ற நாற்காலியில் உட்கார்ந்தார் என்பது எந்த நாட்டுக்கும் பெருமைக்குரிய நிகழ்வு. புதிதாக விடுதலை பெற்ற நாடு அதை அப்படிப் பார்க்கவில்லை.

அப்பா எங்கே பிறந்தார்?

1948-ம் ஆண்டின் 18-ம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் கேட்ட கேள்வி எளியது போலத் தோன்றும். உன் அப்பா இலங்கையில் பிறந்தாரா? இல்லையென்றால், உன் அப்பாவைப் பெற்ற தாத்தாவும், அவரைப் பெற்ற பூட்டனும் இலங்கையில் பிறந்தார்களா? காகிதம் எங்கே? லயத்தில் பிறந்த குழந்தைக்கு, அதுவும் 19-ம் நூற்றாண்டில், யார் பிறப்புச் சான்றிதழ் எழுதி வைத்தார்கள்? ஒரு சமூகம் ஏறக்குறைய முழுவதுமாக ஒரே நாளில் நாடற்றதாயிற்று. அடுத்த ஆண்டு வந்த தேர்தல் திருத்தச் சட்டம் வாக்கையும் பிடுங்கியது. 1952 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸிலிருந்து ஒருவரும் நாடாளுமன்றத்துக்குப் போக முடியவில்லை.

அப்போதைய தமிழ்த் தலைமை இதில் பிளந்தது. மலைநாட்டு மக்களுக்கு இழைத்த அநீதியை எதிர்த்துத் தமிழ்க் காங்கிரஸை விட்டு வெளியேறிய எஸ்.ஜே.வி. செல்வநாயகமும் தோழர்களும் 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார்கள். ஆனால் ஒரே மொழி பேசுகிறோம் என்பது ஒரே குழுவாக உணரப் போதவில்லை. யாழ்ப்பாணத்தில் மலைநாட்டுத் தமிழர்களைக் குறிக்க ‘தோட்டக்காட்டான்’, ‘வடக்கத்தியான்’ என்ற சொற்கள் இருந்தன. மலையகத்துச் சிறுமிகளும் சிறுவர்களும் யாழ்ப்பாணத்து வீடுகளிலும் கொழும்பு வீடுகளிலும் வேலைக்காரப் பிள்ளைகளாகப் போனார்கள். சிங்களவர் பார்வையில் இவர்கள் தமிழர். யாழ்ப்பாணத்தார் பார்வையில் இந்தியாக்காரர். இரண்டு பக்கமும் விரட்டும்போது ஒருவர் எந்தப் பக்கத்து ஆளாகத் தன்னை உணர முடியும்?

1964 அக்டோபர் 30. புதுடெல்லியில் லால் பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் கையெழுத்துப் போட்டார்கள். நாடற்றவர்கள் மொத்தம் 9,75,000 பேர். அதில் 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்ளும். 3,00,000 பேரை இலங்கை வைத்துக்கொள்ளும். 1,50,000 பேர் பற்றிப் பிறகு பேசலாம். பிறகு 1974-ல் பேசினார்கள். பாதிப் பாதி, 75,000 அங்கே, 75,000 இங்கே. யாரைப் பற்றிப் பேசினார்களோ அவர்களில் ஒருவரையும் கேட்கவில்லை. இந்தியக் குடிமகனாக இதை எழுதும்போது எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. பங்காளிகள் மாட்டைப் பிரிப்பது போலப் பிரித்துக்கொண்டார்கள்.

விண்ணப்பம் போட்டதில் அண்ணனுக்கு இந்தியா விழுந்தது, தங்கைக்கு இலங்கை விழுந்தது. பெற்றோர் ஒரு கடவுச்சீட்டில், கட்டிக்கொடுத்த மகள் இன்னொரு பட்டியலில். மலையிலிருந்து தலைமன்னாருக்குப் புறப்பட்ட ரயிலுக்கு மக்கள் ‘அழுகைக் கோச்சி’ என்று பேர் வைத்தார்கள். தலைமன்னாரிலிருந்து ராமேஸ்வரத்துக்கு ‘ராமானுஜம்’ கப்பல். 1980-களில் இலங்கையில் உள்நாட்டுப் போர் மூண்டு கப்பல் நிற்கும்வரை நான்கு லட்சத்துக்கும் அதிகமானோர் இந்தப் பக்கம் வந்து சேர்ந்தார்கள்.

இக்கரையில் சிலோன்காரர்

அரசு இவர்களுக்குக் கொடுத்த பெயர் ‘தாயகம் திரும்பியோர்’. திரும்பியவர்களில் பெரும்பாலோர் இந்த மண்ணை அதற்குமுன் கண்ணால் பார்த்ததே இல்லை. பாட்டன் விட்டுப்போன ஊரைத் தேடிப் போனவர்களுக்கு அங்கே நிலமும் இல்லை, அடையாளம் கண்டுகொள்ள ஆளும் இல்லை. கன்னியாகுமரியிலும் கேரளத்தின் புனலூரிலும் கர்நாடகத்தின் சுள்ளியாவிலும் ரப்பர்த் தோட்டங்களில் சிலரைக் குடியமர்த்தினார்கள். நீலகிரியில் இவர்களுக்காகவே தொடங்கிய அரசுத் தேயிலைத் தோட்டங்கள் பின்னர் ‘டான்டீ’ கழகமாயின. வறண்ட மாவட்டங்களில் கடன் கொடுத்துக் கடை வைக்கச் சொல்லி அனுப்பப்பட்டவர்கள் பலர், கடையும் ஓடாமல் கடனும் தீராமல், தெரிந்த ஒரே வேலையைத் தேடிக் கூடலூர், கோத்தகிரி, குன்னூர் என்று மலையேறினார்கள்.

அங்கே அவர்களுக்குப் பெயர் ‘சிலோன்காரர்’. இலங்கை மலையகத்து ஹட்டனில் எந்தக் குடும்பத்தைப் பார்த்து இந்தியாக்காரன் என்றார்களோ, அதே குடும்பம் கோத்தகிரியில் சிலோன்காரன் ஆனது. ஆள் மாறவில்லை, முப்பாட்டன் மாறவில்லை, பேசும் தமிழ் மாறவில்லை. சுற்றி நிற்கும் மக்கள் மாறினார்கள். சர்க்கரையைச் சீனி என்பதும் ரொட்டியைப் பாண் என்பதும் ரயிலைக் கோச்சி என்பதும் இலங்கையில் யாரும் காதில் வாங்காத விஷயங்கள். இங்கே அவையே பிரித்துக் காட்டும் அடையாளங்களாயின. தோட்டத்தில் கொஞ்சம் தளர்ந்திருந்த சாதியும் இங்கே வந்ததும் அரசுக் காகிதமாக எதிரே நின்றது. பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கச் சாதிச் சான்றிதழ் வேண்டும். சான்றிதழுக்குப் பூர்வீக ஊர் வேண்டும். பூர்வீக ஊரில் இவர்களைத் தெரிந்தவர் வேண்டும். மூன்று தலைமுறைக்கு முன் அந்த ஊரை விட்டுப் போனவர்களிடம் இதைக் கேட்டோம்.

மாணவர்களும் ஓவியங்களும்

குழு ஒரு மனிதனை என்ன செய்கிறது என்பதை ஆராய்ந்த ஒரு யூதரைப் பற்றி இந்த இடத்தில் சொல்ல வேண்டும். ஹென்றி டாஜ்ஃபெல் 1919-ல் போலந்தில் பிறந்தவர். படிக்கப் பிரான்ஸ் போனார். உலகப் போரில் பிரெஞ்சுப் படையில் சேர்ந்து ஜெர்மானியரிடம் பிடிபட்டார். போலந்து யூதர் என்று தெரிந்தால் சாவு உறுதி. பிரெஞ்சுக்காரராகவே காட்டிக்கொண்டு போர்க்கைதி முகாம்களில் உயிர் தப்பினார். போர் முடிந்தபோது அவருடைய குடும்பத்தில் ஏறத்தாழ யாரும் மிஞ்சியிருக்கவில்லை. எந்தக் குழுவில் உன்னைச் சேர்க்கிறார்கள் என்பதே உயிரையும் சாவையும் தீர்மானிப்பதை உடம்பால் அறிந்த மனிதர், பின்னாளில் இங்கிலாந்தின் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தில் உளவியல் பேராசிரியரானார்.

1970 வாக்கில் அவர் பள்ளி மாணவர்களை வைத்து ஒரு சோதனை செய்தார். க்ளே, காண்டின்ஸ்கி என்ற இரண்டு ஓவியர்களின் படங்களைக் காட்டி, யாருடையது பிடிக்கிறது என்று கேட்டு, அதன்படிப் பிரித்ததாகச் சொல்லி இரண்டு குழுக்களாக்கினார். உண்மையில் பிரித்தது குலுக்கல் முறையில்தான். தன் குழுவில் வேறு யார் இருக்கிறார்கள் என்றுகூட மாணவனுக்குத் தெரியாது. பிறகு மற்றவர்களுக்குக் காசு பங்கிடச் சொன்னார். மாணவர்கள் தங்கள் குழுவுக்குக் கூடுதலாகக் கொடுத்தார்கள். அதைவிட யோசிக்க வைப்பது, தம் குழுவுக்கு மொத்தமாகக் கிடைப்பது குறைந்தாலும் பரவாயில்லை, அடுத்த குழுவைவிடக் கூடுதலாக இருந்தால் போதும் என்ற பங்கீட்டையே பலர் நாடியது. காரணமே இல்லாத ஒரு பிரிவுக்கே இவ்வளவு பலம்.

டாஜ்ஃபெலும் அவருடைய மாணவர் ஜான் டர்னரும் 1979-ல் எழுதியதன் சாரத்தை மலையகத்தோடு வைத்துப் பார்க்கலாம். ஒருவர் தன்னைப் பற்றி வைத்திருக்கும் மதிப்பில் பெரும் பங்கு அவர் சேர்ந்த குழுவின் மதிப்பிலிருந்து வருகிறது. குழுவை உலகம் இழிவாகப் பார்த்தால், அந்த ஆளுக்கு உள்ளே வலிக்கிறது. அந்த வலிக்கு மனிதர்கள் சில வழிகளைத் தேடுகிறார்கள். வெளியேற முடிந்தவர் வெளியேறுகிறார். வெளியேற முடியாதபோது, அல்லது மனமில்லாதபோது, சேர்ந்து நின்று போராடுகிறார்கள். அல்லது இழிவாகச் சொல்லப்பட்ட ஒன்றுக்குப் புதிய பெருமை கொடுக்கிறார்கள்.

கணக்கெடுப்பில் ‘இலங்கைத் தமிழர்’ என்று எழுதச் சொல்பவர் முதல் வழியில் போகிறார். அவருக்கு அதற்கான காரணங்கள் வலுவானவை. ‘இந்திய’ என்ற முன்னொட்டு அவருடைய பாட்டனை நாடற்றவனாக்கியது. 1977, 1981, 1983 என்று கலவரம் வந்தபோதெல்லாம் லயங்கள் எரிந்தன. அடையாள அட்டை இல்லாத தோட்டத்து இளைஞர்கள் போர்க்காலச் சோதனைச் சாவடிகளில் பட்ட பாடு சொல்லி முடியாது. கொழும்புக் கடையில் வேலை கேட்டுப் போகும் பையன் தோட்டத்துப் பெயரைச் சொல்லாமல் பக்கத்து டவுனின் பெயரைச் சொல்கிறான். லயத்துக்கென்று தனி முகவரி கிடையாது; கடிதம் தோட்ட அலுவலகத்துக்கு வரும், அங்கிருந்து வந்தால் உண்டு. இவற்றிலிருந்து தன் பிள்ளையாவது தப்பட்டும் என்று ஒரு தகப்பன் படிவத்தில் வேறு குறி போட்டால், அவனிடம் சமூக உணர்வைப் பற்றிப் பாடம் நடத்த யாருக்கும் தகுதி இல்லை.

மலையகம் என்ற வீடு

வெளியேறாதவர்கள் செய்ததுதான் இந்த வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. 1950-களிலும் 60-களிலும் தோட்டத்துப் பிள்ளைகளில் ஒரு சிறு கூட்டம் படித்து ஆசிரியர்களானது. ஹட்டன் ஹைலண்ட்ஸ் கல்லூரியில் இர. சிவலிங்கம் போன்றவர்கள் பாடம் மட்டும் நடத்தவில்லை. நாடகம் போட்டார்கள், சங்கம் வைத்தார்கள், மாணவர்களைப் பேச வைத்தார்கள். ‘தோட்டத் தமிழர்’, ‘இந்திய வம்சாவளி’ என்ற பெயர்களுக்குப் பதில் ‘மலையகம்’ என்ற பெயரை அவர்கள் பரப்பினார்கள். தொழிலையும் முன்னோர் வந்த நாட்டையும் விட்டு, வாழும் மண்ணைப் பெயராக்கியதில் ஒரு தெளிவான அரசியல் இருந்தது. நாங்கள் இந்த மலையின் மக்கள் என்று சொன்னார்கள். அதே சிவலிங்கம் பிறகு தமிழ்நாட்டுக்கு வர நேர்ந்தது; நீலகிரியில் தாயகம் திரும்பியோர் நடுவில் உழைத்தார்.

எழுத்தாளர்கள் கூடவே வந்தார்கள். வாக்குரிமை பறிபோன சி.வி. வேலுப்பிள்ளை தோட்டத்துப் பாடல்களைத் தேடித் தொகுத்தார். தெளிவத்தை ஜோசப் லயத்து வாழ்க்கையைச் சிறுகதையாக்கினார். 2013-ல் விஷ்ணுபுரம் விருது அவரைத் தேடிப் போனபோதுதான் தமிழ்நாட்டு வாசகர்கள் பலர் அவர் பெயரைக் கேள்விப்பட்டார்கள். சாரல் நாடன் நடேசய்யரின் வரலாற்றை எழுதினார். அந்தனி ஜீவா ‘கொழுந்து’ இதழ் நடத்தினார். அந்தக் கதைகளைப் படித்த தோட்டத்துப் பிள்ளைக்கு, தன் வீட்டுப் பேச்சும் தன் அம்மாவின் கூடையும் அச்சில் ஏறக்கூடியவை என்று முதன்முறை தெரிந்தது. ஒரு மனிதருக்குள் இது செய்யும் வேலையை நான் குறைத்து மதிப்பிட மாட்டேன். பாராளுமன்ற ஆசனத்தைவிட இதுவே ஆழமாகப் போகிறது என்பது என் எண்ணம்.

பெயர் பிறகு அரசியலுக்கும் வந்தது; 1989-ல் பெ. சந்திரசேகரன் தொடங்கிய கட்சி மலையக மக்கள் முன்னணி. குடியுரிமைச் சிக்கல் 2003-ல் வந்த சட்டத்தோடு இலங்கைக்குள் ஏறக்குறைய முடிவுக்கு வந்தது. 2023-ல், வந்து இருநூறு ஆண்டானதை நினைத்து, ஜூலை 28-ல் தலைமன்னாரில் தொடங்கி ஆகஸ்ட் 12-ல் மாத்தளை வரை மக்கள் நடந்தார்கள். முன்னோர் நடந்து செத்த அதே வழி. வழியில் முஸ்லிம்களும் சிங்களவர்களும் வடக்குத் தமிழர்களும் வந்து சேர்ந்துகொண்டார்கள். கேட்டவை நிலம், வீடு, நியாயமான கூலி. கூடவே, எங்களை எங்கள் பெயரால் அழையுங்கள் என்பதும்.

அந்தப் பெயருக்குள்ளும் சண்டை இல்லாமல் இல்லை. கொழும்பில் மூன்று தலைமுறையாகக் கடை வைத்திருப்பவர், மலையையே பார்க்காத நான் எப்படி மலையகத்தான் என்கிறார். இந்தியாவோடு உள்ள தொடர்பை ஏன் அறுக்க வேண்டும் என்று ‘இந்திய வம்சாவளி’ என்பதைப் பிடித்துக்கொள்பவர்களும் உண்டு. 1977 கலவரத்துக்குப் பிறகு வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் ஓடிப்போய்க் காடு வெட்டிக் குடியேறியவர்களின் பிள்ளைகள் வன்னியிலேயே பிறந்தார்கள். கடைசிப் போரில் அங்கேயே மடிந்தவர்களும் அவர்களில் நிறைய. இருப்பவர்கள் எந்தக் கட்டத்தில் குறி போடுவது? எனக்கு இந்தச் சச்சரவுகள் கவலை தருவதில்லை. யாரோ எழுதிக்கொடுத்த பெயரைப் பற்றி இப்படி யாரும் சண்டை போட மாட்டார்கள்.

நம் பக்கத்துக் கணக்கு

இலங்கையின் படிவத்தைப் பற்றி இவ்வளவு பேசிவிட்டு நம் பக்கத்தைப் பேசாமல் விட முடியாது. 1983-க்குப் பிறகு போருக்குத் தப்பித் தமிழ்நாட்டுக்கு அகதிகளாக வந்தவர்களில் மலையகத்தார் பல்லாயிரம் பேர். சாஸ்திரி கையெழுத்துப் போட்ட ஒப்பந்தப்படியே இந்தியக் குடியுரிமைக்கு உரியவர்களும் அவர்களின் பிள்ளைகளும் அதில் இருக்கிறார்கள். கப்பல் நின்றுபோனதால் படகில் வந்தார்கள். படகில் வந்ததால் சட்டவிரோதமாக வந்தவர்கள் என்று எழுதப்பட்டார்கள். 2019 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, இந்திய வம்சாவளியினரான இவர்களை மற்றவர்களிலிருந்து வேறாகப் பார்த்து, குடியுரிமை விண்ணப்பங்களைப் பரிசீலிக்கச் சொன்னது. அதே ஆண்டு டிசம்பரில் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் இலங்கையின் பெயர் இல்லை. அகதி முகாமில் பிறந்து, தமிழ்நாட்டுப் பள்ளியில் படித்து, தமிழ்நாட்டுக் கல்லூரியில் பட்டம் வாங்கிய பெண் அரசு வேலைக்கு விண்ணப்பிக்க முடியாது. அவளுடைய குடியுரிமை என்ற இடத்தில் எழுத எதுவும் இல்லை.

நீலகிரியில் டான்டீ நட்டம் காட்டுகிறது என்று 2022-ல் இரண்டாயிரம் ஹெக்டேருக்கும் மேற்பட்ட தோட்டத்தை வனத்துறைக்குத் திருப்பித் தர அரசு முடிவெடுத்தது. காட்டைக் காட்டாக்குவதில் யாருக்கும் மறுப்பு இருக்க வேண்டியதில்லை. ஆனால் அந்தத் தோட்டத்து லயங்களில் இருப்பவர்கள் பணி ஓய்வு பெற்றதும் வீட்டைக் காலி செய்ய வேண்டியவர்கள். கண்டியிலும் நுவரெலியாவிலும் வேலைக்கு இருந்தால்தான் காம்பரா என்று வாழ்ந்த அதே நிலைக்கு, தாயகம் திரும்பிய இரண்டாம் தலைமுறையை நாமே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறோம். அவர்களுக்கு வீட்டுமனைப் பட்டாவும், முகாமில் இருக்கும் மலையகத்தாருக்குக் குடியுரிமையும் தர வேண்டும். 1964-ல் டெல்லி எடுத்துக்கொள்வதாகச் சொன்ன 5,25,000 பேரின் கணக்கு இன்னும் முடியவில்லை.